கூரையும் காவலும்: குடும்ப வன்முறைச் சட்டம் குறித்து ஒரு விசாரணை

வீட்டுக்குள் பெண்ணுக்கு இழைக்கப்படும் கொடுமையில் அரசாங்கம் தலையிடலாமா என்ற கேள்விக்கு நம் தேசத்தின் சட்டங்கள் நெடுங்காலம் தயங்கித் தயங்கியே விடை சொல்லி வந்திருக்கின்றன. 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் கொடுக்கல் வாங்கலைக் குற்றமாக்கிற்றேயன்றி, அதன் நிமித்தம் விழும் அடியைப் பற்றிப் பேசவில்லை. 1983-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்ட பிறகுதான், கணவனோ அவனுடைய உறவினரோ மனைவியைக் கொடுமைப்படுத்துவது மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றமாயிற்று. ஆயினும், கணவன் சிறைக்குப் போன அன்றிரவு அவளும் குழந்தைகளும் எங்கே படுப்பது, மறுநாள் உலை வைக்க அரிசிக்கு யார் பணம் தருவது என்ற கேள்விகளுக்கு அந்தப் பிரிவில் இடமிருக்கவில்லை. ஜீவனாம்சத்துக்கு ஒரு வழக்கு, குழந்தைகளுக்கு மற்றொரு வழக்கு, வீட்டுக்கோ வழக்கே இல்லை என்றிருந்த நிலையில், தாங்கிக்கொண்டு கிடப்பது அல்லது குடும்பத்தை முறித்துக்கொண்டு வெளியேறுவது என்னும் இரண்டு வழிகளுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு வழியைத் திறந்ததுதான், 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் அமலில் உள்ள குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் தலையாய பெருமை. அந்த வழியில் நடந்து போகிறவளுக்குத் துணைவர வேண்டிய ஆளை நாம் இன்னும் சரிவர நியமிக்கவில்லை என்பதே என் குறை.

சட்டத்தின் எழுத்து உண்மையிலேயே விசாலமானது. அடித்தல் மட்டுமன்று, இழிவாகப் பேசுதல், ஆண் குழந்தை பெறவில்லை என்று வசைபாடுதல், சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்ளுதல், வீட்டுச் செலவுக்குப் பணம் தர மறுத்தல், சீராக வந்த நகையை அவள் அனுமதியின்றி விற்றல் ஆகிய யாவும் வன்முறை என்று அதன் 3-ஆம் பிரிவு கூறுகிறது. தண்டனைச் சட்டம் இன்றளவும் குற்றமென்று ஒப்புக்கொள்ளாத மணவாழ்க்கைக்குள்ளான பலாத்காரத்தையும், தண்டனைக்காக அல்லாவிடினும் நிவாரணத்துக்காகவேனும், இச்சட்டம் வன்முறை என்றே கருதுகிறது. மனைவிக்கு மாத்திரமின்றி, மகனால் துன்புறும் தாய்க்கும், அண்ணன் வீட்டில் ஒண்டியிருக்கும் தங்கைக்கும், தாலி கட்டாமல் மனைவி போலவே வாழ்ந்தவளுக்கும் இதன் கதவு திறந்திருக்கிறது.

இவை எல்லாவற்றினும் மேலாக நான் மதிப்பது, அவள் வாழ்ந்த வீட்டிலேயே தொடர்ந்து வாழும் உரிமையை அளிக்கும் 17-ஆம் பிரிவைத்தான். வீடு யார் பெயரில் பட்டாவாகியிருக்கிறது என்பதைப் பாராமல், குடும்ப உறவில் அவள் வாழ்ந்த இல்லம் என்ற ஒரே காரணத்தால் அங்கே அவளுக்கு இடமுண்டு என்று சொன்னது, மருமகளை ராத்திரியோடு ராத்திரியாகத் தெருவில் நிறுத்துவது மூத்தவர்களின் அதிகாரம் என்று எண்ணிப் பழகிய சமூகத்தில் சாமானியமான காரியமன்று. அந்தப் பழக்கம் அத்தனை சுலபமாக விட்டுக்கொடுக்கவும் இல்லை. சட்டம் அமலுக்கு வந்து இரண்டு மாதம் கூடக் கழியாத டிசம்பரிலேயே, மாமியார் பெயரில் உள்ள வீடு மருமகளின் இல்லமாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அதன் பலனாக, சொத்தைத் தாய் பெயரிலோ தந்தை பெயரிலோ காட்டிவிட்டால் போதும் என்ற உபாயம் ஊரெங்கும் பரவிற்று. மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு 2020 அக்டோபரில் அத்தீர்ப்பைத் தவறென்று ஒதுக்கும் வரை ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் இந்த உரிமை பாதி உயிரோடுதான் இருந்தது. வயது முதிர்ந்த மாமனார் மாமியாரின் நிம்மதியையும் கருதியே ஆணையிட வேண்டும் என்று அதே அமர்வு சொன்னதும் நியாயமே.

இனி நடைமுறைக்கு வருவோம். 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, மணமான பெண்களில் 38 சதவிகிதத்தினர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். தேசத்தின் சராசரியோ 29 சதவிகிதம். வன்முறைக்கு ஆளானவர்களுள் உதவி நாடியவர்கள், தேசம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், 14 சதவிகிதத்தினர் மட்டுமே. படிப்பிலும் உத்தியோகத்திலும் முன்னணியில் நிற்பதாக நாம் பெருமை கொள்ளும் மாநிலத்துக்கு இந்த முதல் எண் வருத்தம் தருவது.

உதவி நாடும் அந்தச் சிறுபான்மையினரில் ஒருத்தி முதலில் ஏறும் படி, பெரும்பாலும் அனைத்து மகளிர் காவல் நிலையத்தின் படியே. 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய இந்நிலையங்கள் இன்று மாநிலமெங்கும் பரவியிருக்கின்றன. ஓர் ஆண் அதிகாரியின் முன் வாய்திறந்து சொல்லக் கூசும் சங்கதிகளைப் பெண்ணொருத்தியிடம் சொல்லலாம் என்ற தைரியத்தை இவை அளித்தன என்பதை எவரும் மறுக்க இயலாது. ஆனால் அங்கே நிகழ்வது என்ன? மனு கொடுத்தவளுக்கு, அதைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக, ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கிறது. கணவனுக்கு ஃபோன் போகிறது. இரு வீட்டாரும் எதிரெதிர் பெஞ்சுகளில் உட்காருகிறார்கள். இரண்டு மணி நேரம் பேசிய பின், “இனிமேல் கைநீட்ட மாட்டேன்” என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வாங்கி, சாட்சிக் கையெழுத்தும் பெற்று, “பிள்ளைங்க முகத்தைப் பார்த்து அனுசரிச்சுப் போம்மா” என்று அவளை அதே வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார்கள். அந்தத் தாளுக்குச் சட்டத்தில் யாதொரு பெறுமானமும் கிடையாது. மாஜிஸ்திரேட் பிறப்பிக்கும் பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறையோ, இருபதாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. வெள்ளைத் தாளை மீறினால் மறுபடியும் ஒரு பஞ்சாயத்துத்தான் உண்டு. இப்படி ஓர் ஆணையைப் பெறும் வழி இருக்கிறது என்று சொல்லும் கடமையைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு காவல் அதிகாரியின் மேல் சுமத்தியிருக்க, அந்த ஒரு வார்த்தை மட்டும் பல சமயங்களில் அங்கே பேசப்படுவதில்லை.

சமரசமே கூடாது என்பது என் கட்சியன்று. நீதிமன்றம் விரும்பினால் ஆலோசனைக்கு அனுப்பலாம் என்று இச்சட்டமே கூறுகிறது. ஆனால் அந்த ஆலோசனைக்கு 2006-ஆம் ஆண்டின் விதிகள் வகுத்திருக்கும் நிபந்தனை கவனிக்கத்தக்கது: தான் அடித்ததற்கு நியாயம் கற்பிக்க எதிர்மனுதாரரை அங்கே அனுமதிக்கக் கூடாது, அதை முன்கூட்டியே அவருக்குத் தெரிவித்துவிடவும் வேண்டும். “அவள் எதிர்த்துப் பேசினாள், அதனால் கை ஓங்கினேன்” என்ற வாதத்துக்கே இடமில்லாத பேச்சுவார்த்தை எங்கே, “நீயும் கொஞ்சம் வாயை அடக்கியிருக்கலாம்” என்று தொடங்கும் காவல் நிலையச் சமாதானம் எங்கே!

சட்டத்தை இயற்றியவர்கள் இந்தக் காவல் நிலையப் படிக்குப் பதிலாகவே பாதுகாப்பு அலுவலர் என்னும் ஓர் உத்தியோகத்தைக் கற்பித்தார்கள். நிகழ்வு அறிக்கை தயாரிப்பவர், இலவசச் சட்ட உதவிக்கு ஏற்பாடு செய்பவர், மருத்துவரிடம் அழைத்துச் செல்பவர், காப்பகத்தில் இடம் தேடித் தருபவர், நீதிமன்ற ஆணை நிறைவேறுகிறதா என்று கவனிப்பவர் எல்லாம் அவர் ஒருவரே. இந்தச் சட்டத்தின் முதுகெலும்பென்று அவரைத்தான் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் சமூக நலத்துறையின் கீழ் பெரும்பாலும் மாவட்டத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் இவர்கள் பணியாற்றுகிறார்கள். பல தாலுகாக்களும் சில நீதிமன்றங்களும் உள்ள ஒரு மாவட்டத்தில், ஓர் அலுவலர், வாகனமும் போதிய உதவியாளரும் இல்லாமல், இவ்வளவையும் எப்படிச் செய்வார்?

நிகழ்வு அறிக்கையை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதன் படிவத்தில் தேதி, இடம், நேரம், துன்புறுத்தியவர், துன்பத்தின் வகை என்று கட்டங்கள் இருக்கின்றன. எதிரே அமர்ந்திருக்கும் பெண்ணிடம் எப்போது அடித்தார் என்று கேட்டால், “கல்யாணமான நாள்லேருந்து” என்றுதான் அவள் விடை சொல்லுவாள். பத்து வருஷத்துத் துயரத்தில் எந்தத் தேதியைக் கட்டத்தில் எழுதுவது? தீபாவளிக்கு முதல் நாள் கை முறிந்தது, இளையவளுக்குக் காது குத்திய மாதம் நகை அடகுக்குப் போனது என்று அவள் நினைவில் உள்ள அடையாளங்களைப் பிடித்துக்கொண்டு, பொறுமையாகக் கேட்டுக் கேட்டு எழுதினால்தான் நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய அறிக்கை உருவாகும். அதற்கு அரை நாள் வேண்டும். வெளியே நாலு பேர் காத்திருக்கும் அலுவலகத்தில் அந்த அரை நாள் கிடைப்பதில்லை. விளைவாக, எல்லாருடைய கதையும் ஒரே வாசகத்தில் எழுதப்பட்டு, குறுக்கு விசாரணையில் தளர்ந்துபோகிறது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், மாவட்ட அளவிலும் தாலுகா அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்குமாறு மாநிலங்களைப் பணித்தது. வேறு வேலையிலுள்ள ஓர் அதிகாரியின் பெயர்ப் பலகையில் இந்தப் பதவியையும் சேர்த்து எழுதுவது மட்டும் சட்டத்தின் நோக்கத்தை நிறைவேற்றியதாகாது.

நீதிமன்றத்தின் பங்குக்கு வந்தால், மனு கிடைத்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து அறுபது நாளுக்குள் முடிவு காண முயலுதல் என்பது சட்டத்தின் கால வரம்பு. 2022-ஆம் ஆண்டின் நடுவில் நாடெங்கும் நிலுவையிலிருந்த இத்தகைய வழக்குகள் நான்கரை இலட்சத்துக்கும் அதிகம். வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக நாட்கூலியை இழந்து வந்துபோகும் பெண், மூன்றாம் வருஷத்தில் வருவதையே நிறுத்திவிட்டால், அவள் புகார் பொய்யென்று அதற்கும் ஒரு பொருள் கற்பிக்கப்படுகிறது. இவ்வழக்குகள் தன்மையில் உரிமை வழக்குகளே, எதிர்மனுதாரரைக் குற்றவாளி போல் நடத்த வேண்டியதில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் விளக்கியது இருதரப்புக்கும் நன்மை செய்தது. ஊரில் இல்லாத நாத்தனாரையும் தள்ளாத மாமனாரையும் வழக்கில் இழுத்து அலைக்கழிக்கிறார்கள் என்ற முறையீட்டில் உண்மை உள்ள இடங்களில், அதற்கான பரிகாரம் மாஜிஸ்திரேட் ஆரம்பத்திலேயே மனுவைக் கருத்தோடு படித்துத் தேவையற்ற பெயர்களை நீக்குவதில்தான் இருக்கிறது.

சேவைகளில் 181 என்னும் உதவி எண்ணும், ஒருங்கிணைந்த சேவை மையங்களும் வரவேற்கத்தக்கவை. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டென்பது இன்னும் பலருக்குத் தெரியாத நற்செய்தி. மையத்தில் தங்கும் சில நாட்கள் கழிந்த பின் போக வேண்டிய காப்பகங்களோ மிகக் குறைவு. பன்னிரண்டு வயதைத் தாண்டிய மகனுக்கு அங்கும் இடமில்லை. அவனை விட்டுப் பிரிய மனமில்லாமல் அடிக்கிற வீட்டுக்கே திரும்பும் தாயின் நிலையை அந்த விதியை வகுத்தவர்கள் மீண்டும் சிந்திக்க வேண்டும்.

கடைசியாகப் பண விஷயம். மாதம் இவ்வளவு தரவேண்டும் என்ற ஆணை கையில் வந்த பின்பும் பணம் வருவதில்லை என்பதே மிகப் பலரின் அநுபவம். கணவனின் முதலாளியிடமிருந்தே சம்பளத்தைப் பிடித்து நேரடியாக அவளிடம் சேர்ப்பிக்க 20-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. அது சர்க்கார் குமாஸ்தாவின் மனைவிக்கு உதவும், கொத்தனாரின் மனைவிக்கு உதவாது. மீறலுக்குத் தண்டனை விதிக்கும் 31-ஆம் பிரிவோ பாதுகாப்பு ஆணையை மட்டுமே பெயர் சொல்லிக் குறிப்பிடுவதால், ஜீவனாம்சத்தைத் தராமலிருப்பது அதில் அடங்குமா என்பதில் உயர் நீதிமன்றங்களே ஒன்றுக்கொன்று மாறுபட்டு நிற்கின்றன. வீட்டில் வசிக்கும் உரிமை, ஜீவனாம்சம் ஆகிய ஆணைகளையும் அந்தப் பிரிவிலேயே சேர்க்க ஒரு வரித் திருத்தம் போதும். அதைப் பாராளுமன்றம் செய்யும் வரை, நிலுவைத் தொகையை வசூலித்து அவள் கணக்கில் கட்டும் பொறுப்பை மாநில அரசு, தன் பாதுகாப்பு அலுவலர்களின் வாயிலாக, இன்றே ஏற்றுக்கொள்ளலாம்.