ஈறைத் தைக்கும் இழை

ஈறு அறுவைக்குப் பின் போடும் தையல், ஆறும் புண்ணுக்குள் சில நாள் தங்கும் அந்நியப் பொருள். வாயோ எப்போதும் ஈரம், எப்போதும் கிருமி. ஆகவே நூலின் வலிமையைவிட அதன் உடலமைப்பே முக்கியம் என்பேன். பட்டு நூல் பல இழைகளைப் பின்னியது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அதன் இடுக்குகளில் உமிழ்நீர் ஏறி, கிருமிகளையும் திசுவுக்குள் இழுத்துச் செல்கிறது. 1968இல் லில்லி என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வும், பல இழை நூல்களைச் சுற்றி அழற்சி அதிகம் என்றே காட்டியது. நைலான், பாலிபுரொப்பிலீன் போன்ற ஒற்றை இழைகளில் அந்த இடுக்கே இல்லை. குடலிலிருந்து செய்யும் கேட்கட் நூலை உடலின் நொதிகள் செரிக்கின்றன. அந்தச் செரிமானமே அழற்சியைத் தூண்டும். பாலிகிளாக்டின் என்னும் நூலோ நீரால் சிதைந்து கரைவதால் தொல்லை குறைவு.

பட்டு மென்மையானது, முடிச்சு நழுவாது, நைலான் முனை கன்னத்தில் குத்தும் என்பார்கள். உண்மைதான். அதற்காகவே வழவழப்பும் மென்மையும் கொண்ட பி.டி.எஃப்.இ. நூல் மதிப்புக்குரியது. நூலைவிடத் தைக்கும் கைதானே பெரிது என்ற வாதமும் சரியே. இறுக்கிக் கட்டினால் எந்த நூலும் ரத்த ஓட்டத்தை நெரிக்கும். ஆனாலும் 7-0 என்ற அளவு போன்ற மெல்லிய நூல், ஈறு கிழியும் முன் தானே அறுந்து எச்சரிக்கும். தையல் போட்டுக்கொண்டவர்கள், அது கரையுமா, பிரிக்க வேண்டுமா, எந்த நாளில் என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டே எழுந்திருங்கள்.