பந்தல் பிரித்த பின்பு

பங்குத் திருவிழா நிறைவுற்ற மறுநாள் காலையில் ஆலய வளாகத்தைக் கண்டவர்களுக்கு ஓர் உண்மை விளங்கியிருக்கும். கொடி இறங்கியிருக்கும், தேர் கொட்டகைக்குள் சென்றிருக்கும், பந்தற்காரர் மூங்கில்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருப்பார். திருவிழாவின் மதிப்பைக் கணக்கிட ஏற்ற வேளை அதுவே. நேற்று வந்த கூட்டம் போய்விட்டது. இன்று எஞ்சியிருப்பது எது? நகரங்கள் எடுக்கும் பண்பாட்டுப் பெருவிழாக்களையும் இந்தக் கேள்வியால் அளந்து பார்த்தல் தகும்.

சென்னைக்கு இதில் நல்ல பட்டறிவு உண்டு. 1927 டிசம்பரில் இந்திய தேசியக் காங்கிரசு இந்நகரில் கூடியபோது, அதனையொட்டி அகில இந்திய இசை மாநாடு ஒன்றும் நடைபெற்றது. சில நாள் நிகழ்ச்சியாக முடிந்திருக்கக்கூடிய அது, 1928இல் மியூசிக் அகாடமி என்னும் நிலையான அமைப்புக்குப் பிறப்பளித்தது. அவ்வமைப்பு ஆண்டுதோறும் நடத்திய மாநாட்டைச் சுற்றியே மார்கழி இசைவிழா வளர்ந்தது. 2017இல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் இசைக்காகச் சென்னையைச் சேர்த்தது என்றால், அப்பெருமையின் வேர் அந்தப் பழைய மாநாட்டுப் பந்தலில் இருக்கிறது.

இசைக்கு அமைந்தது போலத் தமிழுக்கும் ஒரு விழா அமைந்தது. அதன் தொடக்கத்தில் கத்தோலிக்கக் குரு ஒருவர் நின்றார் என்பதை நாம் மறத்தலாகாது. 1913இல் யாழ்ப்பாண மண்ணில் பிறந்த தனிநாயகம் அடிகளார், நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆசிரியப் பணியாற்றிய காலத்தில் தமிழை ஆழ்ந்து கற்கத் தொடங்கினார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முறையாகப் பயின்றார். 1964இல் புது தில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற அவரே முதற்காரணர். அம்மன்றத்தின் முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரிலும், இரண்டாம் மாநாடு 1968 ஜனவரியில், அண்ணா முதலமைச்சராயிருந்தபோது, சென்னையிலும் கூடின.

சென்னை மாநாடு இரு முகங்கள் கொண்டது. அறிஞர்கள் அமர்ந்து கட்டுரை படித்த ஆய்வரங்கு ஒரு முகம். வீதிகளை நிறைத்த ஊர்வலமும் அலங்கார ஊர்திகளும் மற்றொரு முகம். இரண்டும் ஒரே விழா எனினும் அவை விட்டுச்சென்ற பயன் ஒன்றன்று.

அறிஞர்களுக்கு ஒரு நிறுவனம் கிடைத்தது. அம்மாநாட்டில் முளைத்த எண்ணத்தின் பயனாய் 1970இல் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் உருவாயிற்று. சென்னையின் தென்பகுதியான தரமணியில் அது இன்றும் இயங்குகிறது. அங்கே நூலகம் உண்டு, ஆய்வு மாணவர் பயில்கின்றனர், நூல்கள் அச்சேறுகின்றன.

மக்களுக்கோ சிலைகள் கிடைத்தன. கடற்கரைச் சாலையில் திருவள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி. ஆகியோருடன் வீரமாமுனிவரும் கால்டுவெல்லும் போப்பும் நிற்கின்றனர். இத்தாலியில் பிறந்த இயேசு சபைத் துறவி ஒருவரைத் தன் புலவர் வரிசையில் நிறுத்திய அந்தத் தமிழ்ப் பெருந்தன்மை நம் நெஞ்சைத் தொடுவதே. ஆயினும் சிலையைக் கடந்து செல்வோரில் எத்தனை பேர் தேம்பாவணியைக் கையில் எடுத்திருப்பர்? சிலை நினைவூட்டும், கற்பிக்காது. அதன் நிலைபேறும் உறுதியானதன்று. 2001 டிசம்பரில் கண்ணகி சிலை அகற்றப்பட்டதையும், 2006இல் மீண்டும் நிறுவப்பட்டதையும் நாம் கண்டோம்.

மக்கள் முகத்தைப் பெருவிழாவாக்கும் முயற்சி 2007இல் சென்னை சங்கமம் என்னும் பெயரில் எழுந்தது. பறையும் கரகமும் ஒயிலும் தெருக்கூத்தும் மாநகரப் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் வந்தன. கட்டணமின்றி எவரும் நின்று காணலாம். சிற்றூர்க் கலைஞனுக்குத் தலைநகரில் மதிப்புத் தந்த அம்முயற்சியைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. ஆனால் 2011இல் ஆட்சி மாறியதும் அது நின்றது; மீண்டும் ஆட்சி மாறிய பின், 2023 ஜனவரியில்தான் திரும்பியது. மியூசிக் அகாடமி பல ஆட்சிகளைக் கடந்து நின்றதையும், பறையின் விழா ஓர் ஆட்சி மாற்றத்தையும் தாங்காமற் போனதையும் அருகருகே வைத்துப் பார்த்தால் குறை எங்கே என்பது புலப்படும். கலைக்கு வலிமையில்லை என்பதன்று. அதற்கு நிலையான வீடு கட்டித்தர எவரும் முனையவில்லை.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். தாம்பரம் பெருங்கூட்டம் காணாத ஊரன்று. 1938 டிசம்பரில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் புராட்டஸ்டண்டு சபைகளின் உலக மறைப்பணி மாநாடு கூடியது. கிறித்தவம் பிற சமயங்களை எவ்வாறு நோக்க வேண்டும் என்று அங்கு எழுந்த விவாதத்தால், ‘தாம்பரம்’ என்னும் பெயர் இறையியல் நூல்களில் இன்றும் வழங்குகிறது. தாம்பரத்தில் வாழும் நம்முள் எத்தனை பேர் அதை அறிவோம்? உலகம் நினைவில் வைத்த ஒன்றை ஊர் மறந்திருக்கிறது.

2021இல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியே சென்றால் பெரும்பாக்கம் வரும். 2004இல் தமிழ் செம்மொழியென அறிவிக்கப்பட்டதன் தொடர்ச்சியாக அமைந்த செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம், 2022 முதல் அங்கே தன் புதிய கட்டடத்தில் இருக்கிறது. அதே பெரும்பாக்கத்தில்தான், நகரின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட பல்லாயிரம் குடும்பங்கள் அடுக்குமாடிகளில் குடியமர்த்தப்பட்டுள்ளன. கடற்கரைச் சிலைகளுக்கும் சங்கமம் நடந்த பூங்காக்களுக்கும் அருகில் வாழ்ந்து, விழாக்களின் கூட்டமாக நின்ற மக்கள் அவர்களுள் பலர். 1968இல் பிரிந்துபோன அவ்விரு முகங்களும் இன்று ஒரே ஊரில் அண்டை அயலாக நிற்கின்றன.

அந்த அடுக்குமாடிச் சிறுமி ஒருத்தி தமிழாய்வு நிறுவனத்தின் படியேறித் தனக்குரிய நூலொன்றைக் கேட்டுப் பெறும் நாளில்தான் அம்மாநாடு முழுமை பெறும் என்பது என் துணிபு. அதற்கு இன்னொரு மாநாடு தேவையில்லை. சனிக்கிழமை மாலையில் திறந்திருக்கும் ஓர் அறையும், பறையோ பாட்டோ கற்றுத்தரும் ஓர் ஆசிரியரும் போதும். இதை அரசிடம் மட்டும் கேட்டுவிட்டு நாம் அமைதி கொள்ளல் முறையாகாது. நம் பங்குகளிலும் மன்றங்கள் உண்டு. திருவிழாவுக்குத் திறந்து, கொடி இறங்கியதும் பூட்டப்படும் மன்றங்கள் அவற்றுள் உண்டு. அந்தச் சாவிகள் நம் கையில்தான் இருக்கின்றன.