இல்லம் தேடிக் கல்வி: கட்டத்துக்குள் வராதவை

2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கினபோது முதல்கட்ட 12 மாவட்டங்களில் நம்ம திண்டுக்கல்லும் ஒன்று. சாயங்காலம் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், சுமார் 20 பிள்ளைகள், ஒரு தன்னார்வலர், மாசம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை.

திட்டம் பலித்ததா? பலித்தது என்றுதான் சொல்வேன். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரின் ஆய்வு தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை வீட்டுக்கே போய்ச் சோதித்தது. பள்ளி திறந்த ஆறு மாதத்தில், கொரோனாவில் விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இந்தத் திட்டத்தால்.

சரி, ஆனா அளந்தது தமிழும் கணக்கும்தான். கதை, பாட்டு, விளையாட்டு என்று திட்டம் சொன்னதெல்லாம் அந்த 24-க்கு வெளியே நிற்கிறது. ஆப்பில் வருகையைப் பதியலாம். கூச்சக்காரப் பிள்ளை முதல்முறை எழுந்து கதை சொன்னதைப் பதிய என்ன கட்டம் போடுவது? சாஃப்ட்வேர்காரனுக்கு இது பழகின வியாதி. எதுக்குக் கட்டம் இருக்கோ அதுதான் வேலைன்னு ஆகிடும். இழப்பு ஈடாகிட்டா மையம் எதுக்கு என்ற கேள்வியும் இப்படித்தான் வருது. கொரோனா இல்லாத வருஷத்திலும், வேடசந்தூர் பக்கம் அம்மா மில் ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற வரைக்கும் பிள்ளைக்கு உட்கார ஒரு திண்ணை, கதை சொல்ல ஒரு அக்கா வேணும்.