கிரீன் விளிம்பில் அறுபது டிகிரி

1995 பிரிட்டிஷ் ஓப்பன் கோல்ஃப் போட்டியின் கடைசிக் குழி. ஜான் டேலியைச் சமன் செய்ய கொஸ்டான்டினோ ரோக்காவுக்கு ஒரு பர்டி வேண்டும். செயின்ட் ஆண்ட்ரூஸின் 18ஆவது கிரீன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வெட்ஜால் சிப் செய்தார். பந்து சரியாக எழும்பவே இல்லை. ‘வேலி ஆஃப் சின்’ என்ற பள்ளத்துக்குள் போய் நின்றது. அடுத்து, அதே பள்ளத்திலிருந்து புட்டரால் 60 அடிக்கு மேல் உருட்டிக் குழியில் போட்டார். பிளேஆஃபில் வென்றது டேலிதான். ஆனால் கிரீனை ஒட்டிய ஆட்டத்தின் மையக் கேள்வி அந்த இரண்டு அடிகளிலும் இருக்கிறது: பந்தைத் தூக்குவதா, உருட்டுவதா?

இன்று பலரும் தூக்கவே ஆசைப்படுகிறார்கள். டாம் கைட் 1980களில் 60 டிகிரி லாப் வெட்ஜைப் பரவலாக்கினார். ஃபில் மிக்கல்சன் அதைக் கலையாகவே வளர்த்தெடுத்தார். அதன் பயன் பெரிது. நடுவில் பங்கர், அதை ஒட்டிக் கொடி, அகஸ்டா மைதானத்தைப் போல வேகமான கிரீன் என்றால் உயரத்திலிருந்து இறங்கும் பந்துதான் நிற்கும்.

ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையும் பெரிது. லாஃப்ட், அதாவது மட்டை முகத்தின் சாய்வு, கூடக் கூட விசையில் பெரும்பங்கு மேலே போய்விடுகிறது. சின்னத் தூரத்துக்கும் பெரிய ஸ்விங் தேவைப்படுகிறது. அந்த வேகத்தில் முன்விளிம்பு பந்தின் வயிற்றில் பட்டால் பந்து கிரீனைத் தாண்டி மறுபக்கம் ஓடிவிடும். 8ஆம் எண் அயர்னைப் புட்டர்போல மெல்ல அசைத்தால், பிசகிய அடியும் பெரும்பாலும் கிரீனில்தான் கிடக்கும்.

கருவியைவிட, கற்றுத்தரும் முறைதான் என்னை உறுத்துகிறது. பந்து பின்காலருகே, கைகள் முன்னே, எடை முன்காலில் என்பது வழக்கமான பாடம். அயர்னால் உருட்ட அது கச்சிதம். வெட்ஜிலும் அதையே அழுத்திச் செய்தால் லாஃப்ட் குறையும்; மண்ணில் புதையாமல் காக்கும் அடிப்பாகத்தின் பவுன்ஸ் வேலை செய்யாது; கூரான முன்விளிம்பு மண்ணைத் தோண்டும். 1930களின் தொடக்கத்தில் ஜீன் சாரசென் வெட்ஜின் அடியில் உலோகம் சேர்த்ததே, அது மணலில் புதையாமல் வழுக்கிச் செல்லத்தான். 1932 பிரிட்டிஷ் ஓப்பனை அந்த வெட்ஜோடுதான் வென்றார். அவர் கண்டுபிடித்ததை முடக்கிவிட்டு, மாணவரின் மணிக்கட்டைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

உருட்டலும் எல்லா இடத்திலும் எடுபடாது. ஸ்காட்லாந்தின் கடலோரக் கெட்டித் தரையில் அது இயல்பாக ஓடும். ஈரப் புல்லில் முதல் குதிப்பிலேயே செத்துப்போகும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, கிரீனுக்குள் பந்து விழப்போகும் இடத்தை. அங்கிருந்து கொடிவரை ஓட இடமிருந்தால் அயர்ன் போதும். இல்லாதபோது மட்டும் லாப் வெட்ஜ்.

இந்த வரிசையைப் பயிற்சி மைதானங்கள் தலைகீழாக்குகின்றன. அங்குள்ள செயற்கை விரிப்பில், பந்துக்குப் பின்னால் விழுந்த வெட்ஜும் வழுக்கிவந்து பந்தைத் தூக்கிவிடும். அடி சரிதான் என்று தோன்றும். உண்மையான புல்லில் அதே அடி பாதி தூரம்கூடப் போகாது. புதியவர்களுக்கு விரிப்பில் லாப் வெட்ஜ் பழக்குவதைப் பயிற்சியாளர்கள் நிறுத்த வேண்டும்.