இழவிற் பிறந்த ஆற்றல்

மட்டக்களப்பு வாவியின் மேல்பால், ஞாயிறு படும் திசையிற் கிடத்தலின் படுவான்கரை எனப் பெயர் பெற்ற நிலப்பரப்பிலே, வயல் சூழ்ந்த பழம்பதியாக விளங்குவது பழுகாமம். அவ்வூரை அயலூரார் பலரும் அறியச் செய்தது அங்குள்ள திரௌபதை அம்மன் கோயில். அவை நடுவே மானம் குலைக்கப்பட்ட ஒரு பெண்ணின் துயரம் அங்கே தீயாகி வழிபடப்படுகின்றது. வாவியின் இரு கரைகளிலும் கண்ணகிக்கு எடுத்த கோயில்களும் பலவுள. கணவனை இழந்தவளின் துயரம் ஒரு மாநகரை எரித்த கதை அங்கே ஆண்டுதோறும் ஓதப்படுகின்றது. துயருற்றோர் வாளா அழுது ஒழிவதில்லை, அத்துயரே அவர்பால் அளவிறந்த ஆற்றலாகத் திரளும் என்னும் நம்பிக்கை இவ்விரு வழிபாடுகளுக்கும் பொதுவானது.

எனினும் திரௌபதியும் கண்ணகியும் வாழ்க்கை கண்ட மகளிர். தந்தையை இழந்த ஓர் இளம் உள்ளத்திற்கு ஆற்றல் வந்தெய்துமாயின், அவ்வாற்றல் எத்தகையதாதல் வேண்டும்? இவ்வினாவைத் தமிழிலே முதன்முதல் விரிவாக எழுப்பி விடையும் கூறிய நூல் சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை. உ. வே. சாமிநாதையர் 1898ஆம் ஆண்டிலே பதிப்பித்த நாள் தொட்டு, இந்நூல் பௌத்த சமயக் காப்பியம் என்ற அளவிலேயே பெரிதும் ஆராயப்பட்டு வந்தது. துயருற்ற இளையாள் ஒருத்தியின் வரலாறு என்னும் நோக்கில் அதனைக் காணுங்கால் அதன் கட்டுக்கோப்பு வேறொரு தெளிவு பெறுகின்றது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே அழுகைக்கு நிலைக்களன் நான்கு கூறுவர். அவை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்பவற்றையும், பெருமிதத்திற்குக் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்பவற்றையும் நிலைக்களனாகக் கூறுவர். இவ்வளவையைக் கொண்டு நோக்கின் திரௌபதியின் அழுகை இளிவிலே தோன்றி, அலைக்கப்பட்டமையால் வெகுளியாயிற்று. கண்ணகியின் அழுகை இழவிலே தோன்றி, கொலை காரணமாக வெகுளியாயிற்று. மணிமேகலையின் அழுகையும் இழவிலே தோன்றியதே. ஆயினும் அது வெகுளியை நோக்கிச் செல்லாது, பெருமிதத்தை நோக்கிச் சென்றது. அதற்கு வாயிலாக அமைந்தது தறுகண் அன்று, கொடையே. சாத்தனார் கண்ட புதுமை இதுவாகும்.

கதையின் தொடக்கத்தைக் காண்க. புகார் நகரிலே இந்திர விழா நிகழ்கின்றது. மாதவி ஆடாது ஒழிகின்றாள். மாலை தொடுத்துக்கொண்டிருக்கும் மணிமேகலை, கோவலனும் கண்ணகியும் உற்ற துன்பத்தைத் தாய் கூறக் கேட்டுக் கண்ணீர் உகுக்கின்றாள். அக்கண்ணீர் பட்டு மாலை தூய்மை இழக்கின்றது. புதுமலர் கொய்துவர அவள் உவவனம் செல்கின்றாள். அங்கே அரசிளங்குமரனாகிய உதயகுமரன் அவளைத் தொடர்கின்றான். கடல் தெய்வமாகிய மணிமேகலா தெய்வம் அவளை எடுத்துச் சென்று மணிபல்லவத்திலே சேர்க்கின்றது. ஆகவே, கதை முழுவதையும் இயக்கியது பூவிலே விழுந்த கண்ணீர் எனலாம்.

மணிபல்லவத்திலே அவள் விழித்தெழுந்தபோது சுற்றம் எவரும் இல்லை; அறியாத மணற்கரையும் அலையுமே உள. அவ்வேளையில் அவள் தந்தையை நினைந்தே கதறுகின்றாள். வாளால் வெட்டுண்டு மாண்ட தந்தை அக்கூக்குரலுக்கு விடை தருதல் இயலாது. அப்பகுதிக்கு மணிபல்லவத்துத் துயருற்ற காதை என்றே பெயரிட்டனர். துயருற்ற காதை முன்னும், மந்திரம் கொடுத்த காதையும் பாத்திரம் பெற்ற காதையும் பின்னுமாக அமைந்த வைப்புமுறை கருதத்தக்கது. அழுது முடியாத ஒருத்திக்கு ஆற்றல் வழங்கப்படவில்லை. தனிமையை முற்ற உணர்ந்த பின்னரே அது வழங்கப்படுகின்றது. யாழ்ப்பாணக் கடலிலுள்ள நயினாதீவே மணிபல்லவம் எனக் கொள்வோர் பலர். அவ்வாறு கொள்வோர்க்கு இக்காப்பியத்தின் திருப்புமுனை ஈழத்துக் கடற்கரையிலே நிகழ்ந்ததாகின்றது.

மணிமேகலைக்குக் கிடைத்த மந்திரங்கள் மூன்று. வேற்றுருக் கொள்ளல் ஒன்று, வானிலே இயங்கல் ஒன்று, பசியை வெல்லல் ஒன்று. இவை மூன்றும் தன்னைக் காத்துக்கொள்ளும் ஆற்றல்களே. பகைவரை அழிக்கும் படைக்கலம் ஒன்றேனும் இவற்றுள் இல்லை. இறந்த தந்தையை மீட்டுத் தரும் மந்திரமும் இல்லை. இவ்வில்லாமையிலேயே சாத்தனாரின் நேர்மை விளங்குகின்றது. இழவை மாற்றும் வல்லமையை வாக்களிக்கும் கதை துயருற்ற பிள்ளையை ஏமாற்றுவதாகும். அவ்வேமாற்றத்தை அவர் செய்திலர்.

மேலும், ஆற்றலால் விளையும் தீங்கையும் அவர் மறைத்திலர். உதயகுமரனிடமிருந்து தப்புதற்பொருட்டு மணிமேகலை காயசண்டிகையின் உருவம் கொண்டாள். அவ்வுருவத்தைத் தன் மனைவியே என மயங்கிய காஞ்சனன் என்னும் விஞ்சையன், அவளைத் தொடர்ந்த உதயகுமரனை வாளால் எறிந்தான். தந்தையை வாளுக்கு இழந்த பெண், தன் மந்திரம் காரணமாக மற்றொருவன் வாளுக்கு இரையானதைக் காண்கின்றாள். மகனை இழந்த அரசி அவளைச் சிறையிலிட்டுப் பலவாறு வருத்துகின்றாள். மந்திர வலிமையால் உய்ந்த மணிமேகலை அரசியைப் பழிவாங்கவில்லை. அவளுடைய துயரத்தைத் தன் துயரமாகக் கண்டு ஆறுதல் கூறுகின்றாள். அழுத பெண் அழுவாரைத் தேற்றுபவளாக வளர்ந்தமை இங்கே புலனாகின்றது.

மந்திரங்களினும் மேலானது அமுதசுரபி. அதன் வரலாற்றிலே சாத்தனாரின் கலைத்திறம் உச்சநிலை எய்துகின்றது. அப்பாத்திரம் முன்னர் ஆபுத்திரன் கையிலே இருந்தது. அவன் ஈன்றவளாற் கைவிடப்பட்டு, பசுவின் பாலால் உயிர் தாங்கி, ஊராராலும் வெறுத்து ஒதுக்கப்பட்ட பிள்ளை. சிந்தாதேவி அளித்த பாத்திரத்தால் உலகோர் பசி தீர்த்தான். ஊட்டுதற்கு எவரும் இல்லாத நிலை வந்தபோது, மணிபல்லவத்துப் பொய்கையிலே அதனை விடுத்து உண்ணாது உயிர் நீத்தான். அப்பொய்கையினின்றே அது மணிமேகலையின் கைக்கு வருகின்றது. துணையற்ற ஒரு பிள்ளையின் அறம் துணையற்ற மற்றொருத்திக்கு உரிமையாகின்றது. ஆற்றல் என்பது தனியொருவரின் பேறு அன்று, முன்னர்த் துயருற்றோர் விட்டுச் சென்ற வைப்பு என்பது இதனாற் பெறப்படும். அப்பாத்திரத்தைக் கொண்டு அவள் புரிந்த செயலும் கருதத்தக்கது. சிறைக்கோட்டத்திற் புகுந்து அங்குள்ளார் பசி தீர்த்தாள்; அரசனை இரந்து அதனை அறக்கோட்டம் ஆக்குவித்தாள்.

இக்கருத்து தமிழுக்கே உரியது எனக் கொள்ளல் பொருந்தாது. குவாமே எம்பாலியா என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2019ஆம் ஆண்டிலே சிறுவர்க்கென ஆங்கிலத்தில் ஒரு நாவலை வெளியிட்டார். அதன் தலைவன் திரிஸ்தன் ஸ்ட்ரோங் என்னும் கறுப்பினச் சிறுவன். பேருந்து விபத்திலே உயிர்த்தோழனை இழந்தவன். அவனைக் காத்திலேனே என்னும் குற்றவுணர்ச்சியால் நைபவன். குத்துச்சண்டை வீரர் வழிவந்தும் முதற்போட்டியிலே தோற்றவன். தோழன் விட்டுச் சென்ற குறிப்பேட்டின் வழியாக அவன் வேற்றுலகொன்றிலே வீழ்கின்றான். அங்கே மேற்காபிரிக்க அகான் மக்களின் வானக் கடவுளாகிய நியாமேயும், கதைகளின் தலைவனாகிய சிலந்தி அனான்சியும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாய்மொழிக் கதைமாந்தரும் உயிரோடு உலாவுகின்றனர். அவன் பெறும் பேராற்றல் கைவலிமை அன்று. கதை சொல்லும் வன்மையே அது. அவன் சொல்லும் கதை உருவெடுத்து எழுகின்றது.

இவ்விரு நூல்களுக்கும் இடையே காலமும் கடலும் பல கிடப்பினும் அடிப்படை ஒன்றே. அகான் கதைமரபிலே உலகத்துக் கதைகள் யாவும் முன்னர் நியாமேயின் உடைமை. அனான்சி தன் சூழ்ச்சியால் அவற்றைப் பெற்று மக்களுக்கு உரியவாக்கினான். அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்ட மக்கள் பிற உடைமை யாவும் இழந்தும் அக்கதைகளை இழந்திலர். அக்கொடுமையின் நினைவு இந்நாவலிலே விலங்கு வடிவான இரும்புப் பூதங்களாகவும் எலும்புக் கப்பல்களாகவும் தோன்றுகின்றது. சிறுவன் ஒருவனின் தனித்துயரம் ஓரினத்தின் பெருந்துயரத்தோடு கலந்து, அதன் கதைச்செல்வத்தால் வலிமை பெறுகின்றது. மணிமேகலை கொடையாற் பெருமிதம் எய்தினாள்; இச்சிறுவன் இனத்தாரின் கேள்விச் செல்வத்தால் எய்தினான். இருவரிடத்தும் தறுகண் இரண்டாம் நிலையதே.

வியத்தகு ஆற்றல்களைப் புனைதல் இலக்கியத்தின் மெய்ம்மையைக் குலைக்கும் என்பார் உளர். ஆற்றல் துயரத்தை விழுங்கிவிடும் நூல்களுக்கு அவர் கூற்றுப் பொருந்தும். மணிமேகலையின் பிற்பகுதியிலே சமயவாதிகளின் கொள்கைகளும் அளவை முறைகளும் நீண்டு, தந்தையை நினைந்தழுத பெண் நெடுநேரம் கண்ணுக்கு மறைந்து போகின்றாள். இது காப்பியத்தின் குறையே. ஆயினும் அதற்கு முன்னர் வஞ்சி நகரிலே ஓர் இடம் உண்டு. மணிமேகலை கண்ணகியின் கோயிலை அடைந்து, அப்படிமத்தின் முன் கண்ணீரோடு நிற்கின்றாள். கண்ணகி விடை கூறுகின்றாள். மதுராபதித் தெய்வம் பழவினையை எடுத்துரைத்த பின்னும் சினம் தணியாது மதுரையை எரித்ததையும், அவ்வினையின் பயன் பின்னர் வந்து உறுத்தலைத் தவிர்க்க இயலாமையையும் அவளே உரைக்கின்றாள். தீயால் வென்றவள், அத்தீயின் கடன் இன்னும் தீரவில்லை எனப் பாத்திரம் ஏந்திய மகளிடம் ஒப்புக்கொள்கின்றாள். தமிழ்க் காப்பியங்களிலே இதனினும் ஆழமான தாய்மகள் உரையாடல் காண்டல் அரிது.

இவ்வுரையாடலின் பயனை மட்டக்களப்பு வழிபாட்டு மரபு தானே உணர்ந்துள்ளது. கண்ணகி கோயில்களிலே வைகாசித் திங்களில் நிகழும் சடங்கு குளிர்த்தியோடு முடிகின்றது. எரித்தவளை எரிந்தபடியே விடாது குளிர்விப்பது அச்சடங்கின் நோக்கம். அவ்வாறே திரௌபதை அம்மனின் தீமிதி விழாவை மட்டக்களப்பார் தீப்பள்ளயம் என வழங்குவர். பள்ளயம் என்பது தெய்வத்தின் முன் படைக்கும் சோற்றுப் படையலைக் குறிக்கும் சொல். தீயும் சோறும் ஒரு சொல்லிலே இணைந்து நிற்றல் எண்ணி மகிழத்தக்கது. மணிமேகலைக்கு அங்கே கோயில் இல்லை. ஆயினும் அவள் கொண்ட நெறி அங்கே வாழ்கின்றது.

இஃது ஏட்டளவிலே நிற்கும் ஆராய்ச்சி அன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போரும், 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையும் மட்டக்களப்பு மண்ணிலே தாய்தந்தையரை இழந்த பிள்ளைகள் பலரை விட்டுச் சென்றன. இழந்தோரை மீட்டுத் தருவதாகக் கூறும் கதை அத்தகைய பிள்ளைக்குப் பொய்யாகும். பகைவரை எரிக்கும் வல்லமையை மட்டும் காட்டும் கதை அப்பிள்ளையின் கையிலே தீயைக் கொடுத்து அகல்வதாகும். அழுவதற்கு இடம் தந்து, அதன்பின் பிறர் பசி அறியும் பாத்திரத்தை ஏந்தச் செய்யும் கதையே அவர்க்கு உறுதி பயப்பது. மணிமேகலையைப் பள்ளிகளிலே சமய நூலாகவும் தேர்வு நூலாகவும் பயிற்றுவோர், அவள் தந்தையை இழந்து தனித்தழுத பெண் என்பதை முதலிற் கூறித் தொடங்குவராயின், அந்நூல் கற்போர் நெஞ்சிலே வேரூன்றும்.