பைசானோ ஹோட்டலும் புதைக்கப்பட்ட சொற்களும்

'ஜயண்ட்' (1956) படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு செய்திகளில் ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். ஒன்று, அது ஜேம்ஸ் டீனின் கடைசிப் படம் என்பது. படம் திரைக்கு வருவதற்கு ஓராண்டுக்கு முன்பே, 1955 செப்டம்பர் 30 அன்று, அவர் கார் விபத்தில் இறந்துபோனார். மற்றது, ஜார்ஜ் ஸ்டீவன்ஸுக்குச் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் விருதை அது பெற்றுத் தந்தது என்பது. நான் பேச விரும்புவது படப்பிடிப்பு நடந்த ஊரையும், படக்குழு தளமாகக் கொண்டிருந்த ஹோட்டலையும் பற்றி. இவற்றையும் சேர்த்து வாசிக்கும்போதுதான் அந்தப் படம் எதைத் துணிந்து சொன்னது, எதைச் சொல்லாமல் விட்டது என்பது எனக்குப் புலப்பட்டது.

ஊரின் பெயர் மார்ஃபா. டெக்சாஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில், மெக்சிகோ எல்லைக்கு ஒரு மணி நேரக் கார்ப் பயணத் தொலைவில் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 1,788. 1880களில் ரயில் எஞ்சின்களுக்குத் தண்ணீர் பிடிக்கும் இடமாகத் தோன்றி, பிறகு மாட்டுப் பண்ணைக்காரர்களின் ஊராக வளர்ந்தது. ஊர் நடுவே 1886இல் கட்டிய நீதிமன்றம். அதிலிருந்து கூப்பிடு தூரத்தில் பைசானோ ஹோட்டல். எல் பாசோ நகரின் ஹென்றி ட்ராஸ்ட்டுடைய நிறுவனம் வடிவமைத்தது, 1930இல் திறக்கப்பட்டது. வளைவுகளும் நடுமுற்றமும் நீரூற்றுமாக, ஸ்பானியக் காலனிய வீடுகளை நினைவூட்டும் பாணி. பெயரும் ஸ்பானியச் சொல்தான். பைசானோ என்றால் ஒரே மண்ணைச் சேர்ந்தவர்; நம் பேச்சில் சொன்னால் 'நம்ம ஊர்க்காரர்'.

1955 கோடையில் எலிசபெத் டெய்லரும் ராக் ஹட்சனும் ஜேம்ஸ் டீனும் இந்த ஊருக்கு வந்தார்கள். எட்னா ஃபெர்பர் 1952இல் வெளியிட்ட நாவலைப் படமாக்க வந்த குழு அது. படத்தில் பிக் பெனடிக்ட் பெரும் பண்ணையார். பண்ணையில் உழைப்பவர்கள் மெக்சிக்கர்கள். பிக்கின் மகன் ஜோர்டி, ஹுவானா என்ற மெக்சிக்கப் பெண்ணை மணக்கிறான். ஒரு காலத்தில் பண்ணையில் கூலி வேலை பார்த்த ஜெட் ரிங்க், எண்ணெய் கண்டெடுத்துச் செல்வந்தனாகி, பகட்டான ஹோட்டல் ஒன்றைத் திறக்கிறான். திறப்பு விழாவுக்கு வந்த ஹுவானா அங்குள்ள அழகு நிலையத்துக்குப் போகிறாள். அவளுக்குத் தலைமுடி அலங்காரம் செய்ய மறுக்கிறார்கள். முதலாளி ஜெட்டின் உத்தரவு அது.

படத்தின் அறச்சிக்கல் முழுவதும் அந்த ஹோட்டல் காட்சியில் வந்து திரள்கிறது. கடைசியில் சாலையோர உணவகம் ஒன்றில் மெக்சிக்கக் குடும்பம் ஒன்றை வெளியேற்ற முயலும் முதலாளியோடு பிக் கைகலக்கிறார், அடிபட்டு விழுகிறார். 'யாருக்கும் சேவை மறுக்க எமக்கு உரிமை உண்டு' என்ற பொருள்படும் பலகை அவர்மேல் வந்து விழுகிறது. 1956இல் ஹாலிவுட்டின் ஒரு பெரிய படம் வெள்ளை நாயகனைத் தோற்கவிட்டு, அந்தத் தோல்வியை அவனுடைய பெருமையாகக் காட்டியது சின்ன விஷயமல்ல. இந்த மதிப்பைக் குறைக்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் இன்றைய பைசானோவுக்குப் போவோம். 2001இல் ஏலத்துக்கு வந்து, புதுப்பிக்கப்பட்டு, இப்போது நன்றாக நடக்கிறது. 1970களில் சிற்பி டொனால்ட் ஜட் குடியேறியபின் மார்ஃபா கலை ஊராகவும் ஆகிவிட்டது. உலகெங்கிலுமிருந்து பயணிகள் வருகிறார்கள். ஹோட்டல் எங்கும் 'ஜயண்ட்' படத்தின் நினைவுகள். அங்குள்ள உணவகத்தின் பெயர் 'ஜெட்ஸ் க்ரில்'. ஹுவானாவைத் திருப்பியனுப்பிய ஹோட்டல் முதலாளியின் பெயர்! யாரும் கெட்ட எண்ணத்தோடு வைத்ததாக நான் நினைக்கவில்லை. ஜெட் என்றால் ஜேம்ஸ் டீன், அவ்வளவுதான். கதை உதிர்ந்து முகம் மட்டும் தங்கிவிட்டது. ஒரு படம் சுற்றுலாப் பொருளாகும்போது முதலில் கழன்று விழுவது அதன் கோபம்தான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதே ஊரில், மெக்சிக்க வம்சாவளிக் குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு பள்ளி இருந்தது: பிளாக்வெல் பள்ளி. 1909இலிருந்து 1965வரை இயங்கியது. மெக்சிக்கக் குழந்தைகளைப் பிரித்து வைக்க வேண்டும் என்று டெக்சாஸ் சட்டம் எதுவும் சொல்லவில்லை. வழக்கமே சட்டத்தின் வேலையைச் செய்தது. பள்ளியில் ஸ்பானிய மொழி பேசினால் அடி விழும் என்று அங்கே படித்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1954இல் ஒரு சடங்கு நடந்தது. ஸ்பானியச் சொற்களைத் தாள் துண்டுகளில் எழுதவைத்து, பெட்டியில் போட்டு, பள்ளி வளாகத்தில் புதைத்தார்கள். மொழிக்குச் சாவு வீடு. துக்கத்துக்கு நின்றவர்கள் குழந்தைகள்.

அடுத்த ஆண்டுதான் படக்குழு வந்து இறங்கியது. ஊர்க்காரர்கள் பலரைத் துணை நடிகர்களாக்கிக்கொண்டது. எக்டர் கலான் இயக்கிய 'சில்ட்ரன் ஆஃப் ஜயண்ட்' (2015) என்ற ஆவணப்படம் அந்த மக்களின் பக்கத்திலிருந்து இந்தக் கதையைச் சொல்கிறது. 'ஜயண்ட்' பார்த்தவர்கள் அதையும் தேடிப் பார்க்க வேண்டும்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஊரின் மிக அழகான கட்டடத்துக்கு ஸ்பானியப் பாணி வேண்டும், ஸ்பானியப் பெயர் வேண்டும். அதே மொழி ஒரு குழந்தையின் வாயிலிருந்து வந்தால் பிரம்பு. வாசல் பலகையில் 'நம்ம ஊர்க்காரர்' என்று எழுதலாம். ஆனால் அந்தச் சொல்லை வீட்டில் சொல்லி வளர்ந்த பிள்ளை அதைப் பள்ளியில் உச்சரிக்கக் கூடாது. அலங்காரமாக இருக்கும்வரை ஒரு மொழி யாரையும் தொந்தரவு செய்வதில்லை.

'ஜயண்ட்' தவறவிட்ட இடமும் இதுதான். படத்தில் பிக் தன் பண்ணை ஆட்களிடம் ஸ்பானிய மொழியில் பேசுகிறார். அது வேலை வாங்கும் மொழி. ஹுவானாவுக்கோ பேசக் கிடைப்பது மிகக் கொஞ்சம். இறுதிக் காட்சியில் பிக்கின் இரண்டு பேரக்குழந்தைகள் அருகருகே நிற்கிறார்கள். ஒன்று வெள்ளை, மற்றது ஹுவானாவின் மாநிறக் குழந்தை. தாத்தா அந்த முகத்தை ஏற்றுக்கொள்வாரா என்பதே படத்தின் கேள்வி, ஏற்றுக்கொள்கிறார். அந்தக் குழந்தை தன் தாயோடு எந்த மொழியில் பேசும், எந்தப் பள்ளிக்குப் போகும் என்று படம் கேட்கவே இல்லை. அந்தக் கேள்விக்கான விடை படக்குழு தங்கியிருந்த அதே சிற்றூரில் மண்ணுக்கடியில் இருந்தது.

இதை நான் ஒரு தமிழ் இதழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. புலம்பெயர்ந்த நாடுகளில் நம் பிள்ளைகளும் தங்கள் முகங்கள் திரையில் வரவேண்டும் என்று கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கை, இப்போது வரவும் தொடங்கிவிட்டன. நம் மொழியும் எங்கும் கண்ணில் படுகிறது: கடைப் பலகையில், கல்யாண அழைப்பிதழில், 'ழ' அச்சிட்ட டி-சர்ட்டில். மார்ஃபாவின் குழந்தைகளோடு நம்மை ஒப்பிடுவது அதிகப்படி. நம் பிள்ளைகளை இங்கே யாரும் தமிழ் பேசியதற்காக அடிப்பதில்லை. ஆனால் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து காரில் ஏறியதும் எந்த மொழியில் பேச்சு தொடர்கிறது என்பதைக் கவனித்தால், பலகைக்கும் வாய்க்கும் இடையிலான தூரம் நமக்கும் தெரிந்ததுதான். பலகைத் தமிழைப் பார்த்து நாம் அடையும் நிம்மதியைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

2007இல் பிளாக்வெல்லின் பழைய மாணவர்கள் ஒன்றுகூடி, புதைத்த மொழியைத் தோண்டியெடுக்கும் சடங்கை நடத்தினார்கள். 2022இல் அந்தப் பள்ளியைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கும் சட்டம் கையெழுத்தானது. மார்ஃபாவுக்குப் போகிறவர்கள் பைசானோவின் முற்றத்தில் தாராளமாக உட்காருங்கள், அழகான இடம். பிறகு பிளாக்வெல்லுக்கும் போய்வாருங்கள். சின்ன ஊர், அதிகத் தூரமில்லை. கூடவே பிள்ளைகள் வந்தால், அங்கே என்ன நடந்தது என்பதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்.