புட்ரெசின் ஏறும் நேரம்

விந்துத் துளி உலர்ந்தபோது அதில் படிகங்கள் தோன்றியதை 1677-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதியவர் லீவன்ஹூக். அது ஸ்பெர்மின் பாஸ்பேட் என்று துலங்க இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதன் சின்னத் தம்பி புட்ரெசினை அழுகிய இறைச்சியில் கண்டெடுத்து 1885-இல் பெயர் வைத்தவர் பெர்லின் மருத்துவர் பிரீகர். பெயர்தான் நாறுகிறது, புட்ரெசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் என்னும் இந்தப் பாலிஅமீன்கள் இல்லாமல் நம் செல்கள் பெருகாது.

ஆர்னிதீனிலிருந்து புட்ரெசினைச் செய்யும் நொதி ஆர்னிதீன் டிகார்பாக்சிலேஸ். அல்பாயுசு அதற்கு: எலியின் ஈரலில் அரைமணிகூட முழுதாய் நிற்பதில்லை. 1960களின் கடைசியில் டயான் ரஸ்ஸலும் சாலமன் ஸ்னைடரும் வளரும் திசுக்களில் இந்த நொதி துள்ளி ஏறுவதைக் காட்டினார்கள். ஸ்டீராய்டுகள் உடனே கதைக்குள் வந்தன. டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் பெண் சுண்டெலியின் சிறுநீரகத்தில் நொதி பல மடங்கு பெருகுகிறது. விரை நீக்கினால் புராஸ்டேட்டில் பாலிஅமீன் வற்றுகிறது. ஈஸ்ட்ரோஜன் கருப்பையில் அதையே தூண்டுகிறது. எல்லாம் வளர்ச்சிக் கணக்கு.

பிட்யூட்டரியும் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. மூளையடியில் தொங்கினாலும் குணத்தில் அது சுரப்பி. ஈஸ்ட்ரோஜன் நீடித்தால் எலியில் புரோலாக்டின் செல்கள் பெருகி முன்மடலே பருக்கும். அங்கே பாலிஅமீன் ஏறுவதில் வியப்பில்லை.

மூளையில்தான் சிக்கல். பிளவுபடாத நியூரானுக்கு வளர்ச்சி நொதி எதற்கு? 1980களில் காட் கிலாடும் வார்தா கிலாடும் எலிகளை நெருக்கடிக்கு உள்ளாக்கிப் பார்த்தார்கள். மூளையில் நொதி ஏறியது, புட்ரெசின் ஏறியது. ஸ்பெர்மிடினும் ஸ்பெர்மினும் அசையவில்லை. நெருக்கடியில் சுரக்கும் அட்ரினல் ஸ்டீராய்டுக்கு ஈடான டெக்சாமெத்தசோனைக் கொடுத்தாலும் இதே பதில். பச்சிளம் எலிக்குட்டியில் பதில் தலைகீழ்: நொதி இறங்கியது. வளர வளரத்தான் முதிர்ந்த எலியின் முறை வந்து சேர்கிறது. இந்தத் துறையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தத் திருப்பம்தான். ஹார்மோன் அதே ஹார்மோன். பதிலை முடிவு செய்வது மூளையின் வயது.

பிளவுபடாத நியூரானுக்கு இது எதற்கு என்ற கேள்விக்கு ஒரு துப்பு 1994-இல் கிடைத்தது. சில பொட்டாசியம் வாயில்களை உள்ளிருந்து அடைப்பது ஸ்பெர்மின் என்று அவ்வாண்டு தெரிந்தது. நியூரான் சமிக்ஞையை வாங்கும் என்எம்டிஏ ஏற்பியிலும் ஸ்பெர்மினுக்கு இடமுண்டு. ஆக, நியூரானில் பாலிஅமீனுக்கு வளர்ச்சியோடு மின் சமிக்ஞையிலும் வேலை. 2006-இல் மொன்றியல் ஆய்வாளர்கள், தற்கொலை செய்துகொண்டோரின் மூளையில் பாலிஅமீனைச் சிதைக்கும் நொதிக்கான ஒரு மரபணுவின் செயல் குறைந்திருப்பதைக் கண்டனர். அதிலிருந்து மருந்துக்குத் தாவுவது அவசரம்.

எனக்குள்ள மனக்குறை அளவையைப் பற்றியது. திசுவை அரைத்து எடுக்கும் மொத்த அளவில் பெரும்பகுதி ஆர்என்ஏவோடு ஒட்டிக் கிடப்பது; வாயிலை அடைப்பது ஒட்டாத சிறு பங்கு. மொத்தம் அசையாவிட்டாலும் அந்தப் பங்கு அசைந்திருக்கலாம். போதாக்குறைக்கு, கூண்டிலிருந்து எலியைக் கையில் பிடிப்பதே அதற்கு ஒரு நெருக்கடி. பிடித்த சில நிமிடங்களில் அதன் ரத்தத்தில் அட்ரினல் ஸ்டீராய்டு ஏறத் தொடங்கிவிடும்.